சனிக்கிழமை வெளிக்கிட்ட பெட்டி

அபிராமி,

நீயும் மத்தியூவும் ஓகஸ்டில் இலங்கைக்குப் போகிறீர்கள் என்றும், "பப்பா, பயணத்துக்குத் தேவையான தகவலை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பு, கதை வேண்டாம்" என்றும் பிரெஞ்சில் செய்தி அனுப்பியிருந்தாய். கடைசி இரண்டு சொல்லையும் மூன்று தரம் வாசித்தேன். பாரிசில் ரூ லூயி-பிளாங்க் தெருவில் இருபத்தாறு வருடம் டிக்கெட் மேசைக்குப் பின்னால் இருந்தவனிடம் கதை இல்லாமல் தகவல் கேட்பது, மீன்கடையில் போய் மணமில்லாத மீன் கேட்பது மாதிரி. இருந்தாலும் தகவலை முதலில் தருகிறேன். தம்பிக்கும் வாசித்துக் காட்டு. அவன் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் ஓகஸ்ட் போய்விடும்.

விசாவை இணையத்தில் எடு, ஆனால் அரசாங்கத்தின் பக்கத்தில் மட்டும். தேடினால் முதலில் வந்து நிற்பவை எல்லாம் அரசாங்கம் மாதிரி வேஷம் கட்டியவை. போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் போவதென்றால் முன்கூட்டியே இடம் பிடி. குளிரூட்டிய பெட்டியில் ஏறினால் ஸ்வெட்டர் தேவைப்படும், நம்பு. ஆட்டோவில் ஏறுமுன் விலை பேசு. இறங்கிய பிறகு பேசினால் அதற்குப் பெயர் பேச்சு இல்லை. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள். மத்தியூவின் தோளில் பச்சை குத்தியிருக்கிறதே, அது யார் என்று அம்மா கேட்கச் சொல்கிறா. புத்தராக இருந்தால் நாடு முழுக்கச் சட்டையோடு திரியட்டும். ஆனால் நல்லூர்த் திருவிழாவுக்கு உள்ளே போவதானால் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வதென்று அவனே யோசிக்கட்டும்.

சொந்தக்காரர் வீட்டில் சாப்பிடும்போது, போதும் என்பதற்கு "காணும்" என்ற சொல்லை மூன்று தரம் சொல்ல வேண்டும். முதல் இரண்டையும் அவர்கள் மரியாதைக்குச் சொன்னதாகத்தான் எடுப்பார்கள்.

தகவல் முடிந்தது. இனிக் கதை.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பாரிசுக்கு வந்து ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன், பிறகு கார் து நோர் ரயில் நிலைய வாசலில் நின்று தொலைபேசி அட்டை விளம்பரத் தாள் கொடுத்தேன். அந்தத் தாளை வாங்கிக் கசக்கி என் கையிலேயே திருப்பித் தந்த மனிசன்தான் குலம் அண்ணை. "உனக்கு வாய் இருக்கு, ஏன் கையாலை வேலை செய்யிறாய்?" என்று கேட்டு, தன் பயண முகவர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று கிழமை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் விமான நிலையக் குறிகள். கொழும்பு சீ.எம்.பி, சென்னை எம்.ஏ.ஏ, திருச்சி டி.ஆர்.இசட். உங்கள் பிறந்த நாளை மறந்திருக்கிறேன், அந்த மூன்று எழுத்துகளை இன்றைக்கும் மறக்கவில்லை. அம்மாவுக்கு இதில் இன்னும் கோபம்.

குலம் அண்ணை கோடையிலும் ஸ்வெட்டருக்கு மேலே டை கட்டுவார். இல்லை என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. "பாப்பம்" என்பார். பாப்பம் என்றால் சிலவேளை ஓம், சிலவேளை இல்லை, பெரும்பாலும் போய்க் கோப்பி குடித்துவிட்டு வா. பெட்டியைத் தராசில் வைக்கவே மாட்டார். கைபிடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்து, "முப்பத்திரண்டரை, ரெண்டரையை இறக்கு" என்பார். விமான நிலையத்துத் தராசும் அதையேதான் சொல்லும்.

கதவைத் திறந்து யார் உள்ளே வந்தாலும், வணக்கத்துக்கு முதலே ஒரு கேள்வி: "செத்தவீடோ, கலியாணவீடோ, காணிப் பிரச்சினையோ?" எங்கள் ஆட்கள் அந்தத் தீவுக்கு வேறு காரணத்துக்குப் போனதில்லை. செத்தவீடு என்றால் எல்லாரையும் விலத்தி முன்னுக்கு இருத்துவார். கலியாணவீடு என்றால் ஒரு தேநீர். காணிப் பிரச்சினை என்றால் திரும்பி வரும் திகதியைத் திறந்த திகதியாகப் போடச் சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

ஒருநாள் பிரெஞ்சுக்காரத் தம்பதி ஒன்று உள்ளே வந்து, "இலங்கையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டது. நாற்பது வயது வரைக்கும் அந்த நாட்டில் இருந்த குலம் அண்ணையிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கடைசியில், "எங்கடை வீட்டைப் பாக்கலாம்" என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். நான், "கண்டி, சிகிரியா, யானை" என்று மொழிபெயர்த்தேன். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நன்றிக்கு ஒரு தட்டுப் பலகாரம் தந்தார்கள்.

இனி எங்கள் கடையின் விசேஷத்துக்கு வருகிறேன். இது எந்தப் பயணக் கையேட்டிலும் இல்லை.

விமானம் தன் நேரத்துக்குத்தான் புறப்படும். எங்கள் ஆட்கள் ராகுகாலம் பார்த்துத்தான் புறப்படுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எனக்கு இதுதான் பெரிய தலையிடி. "தம்பி, ஒரு அரை மணித்தியாலம் பிந்தி எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ" என்று ஒரு அம்மா கேட்டா. விமானத்தை. குலம் அண்ணைதான் வழி கண்டுபிடித்தார்.

"உங்கடை பெட்டியை நல்ல நேரத்திலை கொண்டந்து இஞ்சை வையுங்கோ. பெட்டி வெளிக்கிட்டால் நீங்கள் வெளிக்கிட்ட மாதிரித்தான். பிறகு நீங்கள் ராகுகாலத்திலை போனால் என்ன, எமகண்டத்திலை போனால் என்ன?"

இது அவர் சொந்தமாகச் செய்த சட்டம் இல்லை. ஐயர்மார் இதற்குப் பரஸ்தானம் என்று பெயர் சொல்வார்கள். ஊரில் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். பாரிசில் பக்கத்து வீடு மின்தூக்கி இல்லாத ஐந்தாம் மாடி. எங்கள் கடையோ தரையில், கார் து நோரிலிருந்து ஐந்து நிமிடம், அங்கிருந்து ஆர்.ஈ.ஆர் பே ரயில் நேரே விமான நிலையத்துக்கு. செய்தி பரவியது. வெள்ளி, சனிகளில் கடைக்குள் பெட்டிகள் நிற்க, ஆட்கள் வெளியே நின்றார்கள்.

ஒழுங்குமுறை இதுதான். கொண்டுவருகிறவர் வாசலில் நிற்க வேண்டும். நான் எழும்பிப் போய் வலது கையால் பெட்டியை வாங்க வேண்டும். வாங்கும்போது பெட்டியைப் பார்த்து, போய் வரும் ஆளுக்குச் சொல்வது மாதிரி, "போட்டு வாங்கோ" என்று சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது. உடனே கைபிடியில் பெயர்த் துண்டு கட்ட வேண்டும். இன்னொன்று: சும்மா உடுப்பு மட்டும் வைத்த பெட்டி எடுபடாது. "நீங்கள் இல்லாமல் போகேலாத சாமான் ஒண்டு உள்ளுக்கை இருக்கவேணும்" என்று குலம் அண்ணை சொல்வார். அவர் இல்லாதபோது நான் சொல்வேன். ஆட்கள் செருப்பு, மூக்குக் கண்ணாடி, ஒருவர் தன் பல்செட்டைக்கூட வைத்தார். அன்றிரவு அவர் சூப் குடித்தாராம்.

புதுச்சேரிக்காரர் மொசியே அந்துவான் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கர். எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "என்னாங்க இது, பயண ஆஜான்சா, பொணக் கெடங்கா? பொட்டிக்கெல்லாம் நேரம் பாக்கறீங்களே!" என்றார். அடுத்த வருடம் சென்னைக்குப் போகும்போது தன் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தார். நேரத்துக்காக இல்லையாம். எங்கள் கடை பக்கமாம்.

இப்போது பாஸ்கரனின் விஷயம். இதை நான் இதுவரைக்கும் உங்கள் அம்மாவைத் தவிர யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

பாஸ்கரன் பாரிசுக்குப் பக்கத்தில் திரான்சியில் இருந்தவன், ஒரு உணவகத்தில் சமையல். பதினெட்டு வருடம் அகதி அட்டை. அகதிக்குப் பிரான்ஸ் ஒரு பயணப் புத்தகம் தரும். அதைக் கொண்டு உலகம் முழுக்கப் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. எந்த நாட்டுக்குப் போக வேண்டுமோ அந்த நாட்டை மட்டும் அடித்துவிட்டுத் தரும் புத்தகம் அது. தாயை ஒருதரம் திருச்சிக்குக் கூப்பிட்டுப் பார்க்க நினைத்தான். அவவுக்குக் கால் ஏலாது. கடைசியில் அவனுக்குப் பிரெஞ்சு நாட்டுரிமை கிடைத்து, பாஸ்போர்ட் கைக்கு வந்த இரண்டாம் கிழமை ஊரிலிருந்து அவன் தம்பி தொலைபேசியில் சொன்னான்: அம்மா யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில், நாள் கணக்குத்தான், உடனே வா.

குலம் அண்ணை கேள்வி கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு முன்னுக்கு இருத்தினார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலே முக்காலுக்கு ஓர் இருக்கை கிடைத்தது. பாஸ்கரனின் மனைவி மலர் உடனே, "ஐயோ, ஞாயிறு நாலரையிலிருந்து ராகுகாலம்" என்றா. அவன், "இருக்கிறது ஒரு பிளேன், அதுக்கும் குறை சொல்லுறாய்" என்றான். நான்தான் இடையில் புகுந்தேன்.

"தங்கச்சி, சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பெட்டியைக் கொண்டு வாங்கோ. நல்ல நேரம். அவர் இல்லாமல் போகேலாத சாமான் ஒண்டை மறக்காமல் உள்ளுக்கை வையுங்கோ."

சனிக்கிழமை மலர் சரியாகப் பதினொரு மணிக்கு வாசலில் நின்றா. கடைக்குள் ஒன்பது பேர், நான் தொலைபேசியில். "அண்ணை, நேரம் போகுது, வாங்குங்கோ!" என்று கத்தினா. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஓடிப்போய் வலது கையால் வாங்கினேன். போட்டு வாங்கோ என்றேன். பெட்டியைக் கொண்டுபோய்ச் சுவரோடு விட்டுவிட்டுத் திரும்பவும் தொலைபேசிக்கு ஓடினேன். பெயர்த் துண்டு கட்டவில்லை.

கடும் நீலப் பெட்டி, கைபிடியில் சிவப்பு நாடா. லாச்சப்பலில், எங்கள் தமிழ்க் கடைத்தெருவில், எல்லாரும் ஒரே கடையில்தான் பெட்டி வாங்குவோம். அடையாளத்துக்கென்று எல்லாரும் ஒரே சிவப்பு நாடாவைத்தான் கட்டுவோம்.

ஞாயிறு காலை குலம் அண்ணை ஒரு கலியாணவீட்டுக்குப் போய்விட்டார். ஒன்பதரைக்கு மொசியே அந்துவான், சென்னைக்குப் போக முதல்நாள் வைத்த பெட்டியை எடுக்க, டாக்சியில் வந்து இறங்கினார். அவர் பெட்டியும் நீலம், சிவப்பு நாடா; துண்டைப் பாராமல் நானே தூக்கி டாக்சியில் வைத்தேன். இடுப்புப் பிடித்தது.

"என்னாங்க, ராத்திரி வளந்துடுச்சா?" என்றார்.

"இஞ்சை வைச்சால் எல்லாப் பெட்டியும் கொஞ்சம் ஊதும் மொசியே" என்றேன். பகிடி. அவரும் சிரித்தார். டாக்சி போனது.

பத்தரைக்குப் பாஸ்கரனும் மலரும் வந்தார்கள். சுவரோடு நின்ற நீலப் பெட்டியைப் பாஸ்கரன் தூக்கினான். தூக்கிய வேகத்தில் பெட்டி அவன் நெஞ்சு வரைக்கும் வந்தது.

"அண்ணை, இது என்ரை பெட்டியில்லை. இது லேசாக் கிடக்கு." கைபிடியில் அந்துவானின் பெயர்த் துண்டு.

"பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கையிலை வைச்சுக்கொண்டு பெட்டியைப் பிறகு பாப்பம்" என்றேன், ஒரு தைரியத்துக்கு.

அவன் மலரைப் பார்த்தான். மலர் என்னைப் பார்த்தா. "நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள், இவர் இல்லாமல் போகேலாத சாமான் எண்டு. நான் பாஸ்போர்ட்டை வைச்சனான்."

அபிராமி, அவ செய்ததில் பிழை இல்லை. நான் சொன்னதற்கு அதைவிடச் சரியான சாமான் உலகத்தில் கிடையாது.

மொசியே அந்துவானிடம் கைத்தொலைபேசி இல்லை, அது மூளையைத் தின்னும் என்பார். குலம் அண்ணைக்கு எடுத்தேன். மேளச் சத்தத்துக்குள் முழுதையும் கேட்டுவிட்டு, "பாப்பம்" என்றார். கடையைப் பூட்டினேன். அந்துவானின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் ஓடினோம். சென்னை விமானம் ஒன்று நாற்பதுக்கு. பெட்டி உள்ளே போய்விட்டால் பாஸ்கரனின் பாஸ்போர்ட் சென்னைக்குப் போகும், பாஸ்கரன் திரான்சிக்குத் திரும்புவான்.

ஆர்.ஈ.ஆர் பாதி வழியில் நின்றது. எங்கேயோ யாரோ ஒரு பொதியை விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம், சோதிக்கிறார்களாம். அறிவித்தல் முடிந்ததும் ரயில் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் சிவப்பு நாடாப் பெட்டியைப் பார்த்தார்கள். பாஸ்கரன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். இருபத்தைந்து நிமிடம். அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மலர்தான் மெதுவாக, "மாமிக்குச் சொல்லிப்போட்டினம், இவர் வாறார் எண்டு. அதுக்குப் பிறகு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சவவாம்" என்றா. எனக்கு ரயிலை இறங்கித் தள்ள வேண்டும் போலிருந்தது.

விமான நிலையத்துக்குள் ஓடிப்போய் நுழைந்தபோது, சென்னைக் கவுண்டருக்கு முன்னால் தரையில் மொசியே அந்துவான் குந்தியிருந்தார். பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. முப்பத்தெட்டுக் கிலோ, எட்டைக் குறை என்று திருப்பிவிட்டார்கள். திறந்து பார்த்திருக்கிறார். அவர் இரண்டு கையிலும் பூப்போட்ட ஒரு பெரிய நைட்டி. கவுண்டர்ப் பெண் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தா.

"மதாம், சத்தியமா என்னுது இல்ல, நான் பொண்டாட்டி செத்தவன்" என்று பிரெஞ்சில் மன்றாடிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நைட்டியை ஆட்டினார். "வாய்யா! என் பொட்டிய நல்ல நேரம் பாத்து எவன்கிட்டய்யா குடுத்தீங்க?"

மலர் ஓடிப்போய் பெட்டியின் மூடிப் பைக்குள் கையைவிட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்தா. எடுத்துக் கண்ணில் ஒற்றினா. அந்துவான் அதைப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் பெட்டியை வாங்கிக்கொண்டு, பாஸ்கரனின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

அந்த எட்டுக் கிலோ இன்னும் இருந்தது. மலர் அதே தரையில் குந்தி, கணவனின் தம்பிமாருக்கு வாங்கிய சப்பாத்துகள், சொக்கலேட், வாசனைப் போத்தல்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து என் மடியில் போட்டா. மாமியின் நைட்டிகளிலும் கம்பளிப் போர்வையிலும் கை வைக்கவில்லை.

கொழும்புக் கவுண்டரில் பாஸ்கரனின் முறை வந்தபோது அங்கிருந்த பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டா. பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? வேறு யார் பொறுப்பிலாவது விட்டீர்களா? இந்தக் கேள்வி எனக்கு மனப்பாடம். கடையில் ஒவ்வொருவருக்கும் இதற்குப் பதில் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒருநாள் இரவு முழுக்க என் பொறுப்பில் இருந்து, ஒரு புதுச்சேரிக் கிழவரோடு டாக்சியில் போய், பொது மண்டபத்தில் திறந்து கிடந்த பெட்டி அது. பொய் சொல்லத் தெரியாத பாஸ்கரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். எவ்வளவு அழகான கூரை.

"மா ஃபாம், மதாம்" என்றான். என் மனைவி. பெட்டியை அடுக்கியது அவதான், அதில் பொய் இல்லை. கவுண்டர்ப் பெண் மலரின் அழுத முகத்தைப் பார்த்துவிட்டு, அட்டையை ஒட்டினா.

பெட்டி பட்டியில் ஏறிப் போகும்போது, என் வாய் தன்பாட்டில், "போட்டு வாங்கோ" என்றது. பாஸ்கரன் அன்றைக்கு முதல் தரம் சிரித்தான்.

திங்கட்கிழமை குலம் அண்ணையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் டையைச் சரிசெய்துகொண்டு, "பெயர்த் துண்டு கட்டாதது நீ. சாமான் வைக்கச் சொல்லிப் பழக்கினது நான். ஆளுக்குப் பாதி" என்றார். அன்றிலிருந்து கடையில் ஒரு வரி எழுதித் தொங்கியது: பாஸ்போர்ட் தவிர.

அந்தக் கிழமை முழுக்கத் தொலைபேசி அடித்தால் முதல் மணியிலேயே ஓடிப்போய்த் தூக்கினேன். வியாழக்கிழமை பாஸ்கரன் எடுத்தான்.

"அண்ணை, அம்மா இருக்கிறா. கதைக்கிறா. போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறா, இஞ்சத்தை வெக்கைக்குள்ளை."

"என்னடா சொன்னவ உன்னைக் கண்டிட்டு?"

"திங்கட்கிழமை பின்னேரம்தான் போய்ச் சேந்தனான். கையைப் பிடிச்சுக்கொண்டு முதல் கேட்டது, எத்தினை மணிக்கு மோனை வெளிக்கிட்டனி எண்டு. ராகுகாலத்திலை எண்டு சொல்லேலுமோ? சனிக்கிழமை பதினொரு மணிக்கு எண்டு சொல்லிப்போட்டன்."

"சரி."

"அவ விரலிலை எண்ணினா அண்ணை. சனி, ஞாயிறு, திங்கள். 'மூண்டு நாளாய் வந்துகொண்டிருக்கிறியோ? பிரான்ஸ் அவ்வளவு தூரமோ?' எண்டு கேட்டா. நான் ஓம் எண்டன். 'அதுதானே இவ்வளவு வருசமும் வரேல்லை, எனக்கு ஆரும் சொல்லேல்லையே' எண்டு தலையைத் தடவினா. பதினெட்டு வருசத்துக்கு நான் வேறை என்னத்தைச் சொல்லி விளங்கப்படுத்துறது? அப்பிடியே விட்டிட்டன். பொய்தானே அண்ணை?"

"பொய்யில்லையடா" என்றேன். "சனிக்கிழமை பதினொரு மணிக்கு வெளிக்கிட்டதுக்கு நான் சாட்சி. வாங்கி வைச்சது நான்."